வீட்டுப் பட்டறையின் எல்லை: இருசக்கர வண்டியைப் பராமரிப்பதும் மாற்றுவதும்

இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பழுது என்றால் தெருமுனை மெக்கானிக்கிடமோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ போகிறார்கள். சிலர் மட்டும் விருப்பத்தால் தாங்களே கழற்றிப் பூட்டுகிறார்கள். அவர்கள் செய்யும் வேலை இரண்டு வகை. முதலாவது பராமரிப்பு: ஆயில் மாற்றுவது, செயினை இழுத்து வைப்பது, டேப்பெட் இடைவெளி பார்ப்பது, பிரேக்கைச் சீராக்குவது. இரண்டாவது மாற்றம், பட்டறைப் பேச்சில் ‘ஆல்ட்ரேஷன்’: சைலன்சர், ஹேண்டில்பார், டயர், விளக்கு, சில வேளை இன்ஜினின் உள்பாகங்களையே மாற்றுவது. ஊர் இரண்டையும் ஒரே பொழுதுபோக்காகப் பார்க்கிறது. வீட்டு வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்பது விளங்கும். முதலாவது அழிந்துவரும் அறிவு. இரண்டாவது, அந்த அறிவு இருப்பவர் கையில் மட்டுமே நன்மை தரும் வேலை.

கைவைக்க இடம் தந்த வண்டிகள்

இந்தப் பழக்கம் இங்கே வேரூன்றியதற்குக் காரணம் இங்கே ஓடிய வண்டிகள். 1955-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் ஏறக்குறைய அதே வடிவமைப்பு இங்கே பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த வார்ப்பிரும்பு இன்ஜினை ஓட்டியவர் அதைப் படித்தே ஆக வேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக நகர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சம் தாண்டவிட்டு, அதன் பிறகே முழு உதை கொடுக்க வேண்டும். பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்டின் இடைவெளி கெட்டால் வண்டி நின்றுவிடும். ஒரு ஃபீலர் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் சாலையோரத்திலேயே அதைச் சரிசெய்யலாம். புஷ்ராடுக்கு அளவுகோல்கூட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேலும் கீழும் ஆடாமல், விரலால் திருகினால் சுழலும்படி இருந்தால் போதும்.

1961 முதல் மைசூரில் உருவான ஜாவாவும் அதன் தொடர்ச்சியான எஸ்டியும் இதே போன்றவைதான். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வேறு வகையில் பள்ளிக்கூடமாக அமைந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வுகள் கிடையாது, கேம் கிடையாது. ஹெட்டையும் சிலிண்டரையும் ஒரு மாலைப்பொழுதில் இறக்கி, கரியைச் சுரண்டி, மறுபடி ஏற்றிவிடலாம். 1996-ல் தயாரிப்பு நின்றது. ஆனாலும் நன்றாகப் புதுப்பித்த ஆர்.எக்ஸ். 100 இன்று லட்ச ரூபாயைத் தாண்டியும் விலைபோகிறது.

அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடி, கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு நம்பகமான வண்டியாக அந்த வகை நிலைபெற்றது. அது பெரிய நன்மை. ஆனால் வண்டியை மறந்துவிடலாம் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்தது. ஓட்டுபவருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான தூரம் அன்று முதல் கூடிக்கொண்டே வருகிறது.

வண்டிகளைச் சுற்றி எழுந்த கடைகளும் பட்டறைகளும் இல்லாமல் இந்தப் பழக்கம் நிலைத்திருக்காது. சென்னை புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த பழைய பாகங்கள் கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய உதிரிபாகங்களும் அலங்காரப் பொருட்களும் வாங்கலாம். பஞ்சாலை இயந்திரங்களாலும் பம்புசெட்டுகளாலும் வளர்ந்த கோயம்புத்தூரின் லேத் பட்டறைகளில், சந்தையில் கிடைக்காத புஷ்ஷையோ ஷாஃப்டையோ மாதிரி காட்டிக் கடைந்து வாங்கலாம். வேகத்துக்காக இன்ஜினைத் திருத்தும் கலைக்குச் சோழவரம் களமாக இருந்தது. அங்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. பந்தயத்துக்காக மாற்றிய வண்டியைப் பந்தயத் தடத்தில்தான் ஓட்ட வேண்டும் என்ற வேறுபாட்டை அந்தத் தடமே கற்றுத்தந்திருக்க வேண்டும். தெருவில் ஓட்டுபவர்கள் பலர் அதைக் கற்கவில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு எண் ஸ்பேனர்களும் ஒரு ஆலன் கீ செட்டும் இருந்தால் நம் ஊர் வண்டிகளில் பாதி வேலையை முடிக்கலாம். நுணுக்கம் எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் இருக்கிறது. ஆயில் வடிக்கும் போல்ட் அலுமினிய உடம்பில் பூட்டப்படுகிறது. பலம் காட்டி இறுக்கினால் மரை உரிந்துவிடும். பிறகு பெரிய அளவில் மரை வெட்டி உள்மரைச் சுருள் பொருத்த வேண்டிவரும். வீட்டில் வேலை பார்ப்பவர் வாங்க வேண்டிய முதல் நல்ல கருவி டார்க் ரெஞ்ச். ஸ்டார் ஸ்க்ரூக்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்க்ரூத்தலை, ஜப்பானியத் தர அளவில் ஆனது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையை மொட்டையாக்கிவிடும். நம் பட்டறைகளில் மொட்டைத்தலை ஸ்க்ரூக்கள் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயில் தேர்வில் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். டப்பாவில் 10டபிள்யூ-30 அல்லது 20டபிள்யூ-50 போன்ற தடிமன் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடும் இருக்க வேண்டும்.

செயினில் இரு தவறுகள் நடக்கின்றன. சிலர் தொங்கவிடுகிறார்கள், சிலர் கம்பி போல் இழுத்துவிடுகிறார்கள். இரண்டாவது தவறே பெரிது. ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே போகும். தளர்வே இல்லாத செயின் அப்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கை இழுத்துத் தேய்க்கும். கையேடு பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு சொல்கிறது. சக்கரத்தைச் சுற்றி, மிகவும் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். உள்ளே ரப்பர் வளையங்கள் கொண்ட ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவக் கூடாது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும்.

வால்வுகளின் டேப்பெட் இடைவெளி அடுத்த படி. இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, கம்ப்ரஷன் அடியின் உச்சத்தில் பிஸ்டனை நிறுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால்தான் கோளாறு என்று நினைப்பது தவறு. சத்தம் போடும் டேப்பெட்டைவிட அளவுக்கு மீறி இறுகிச் சத்தமே இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் அழுந்தும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. முழுதாக மூடாத வால்வு எரிந்துபோகும்.

பிரேக்கில் கைவைப்பவர் தன் உயிரிலும் பிறர் உயிரிலும் கைவைக்கிறார். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் தரநிலை 155 டிகிரி வரை இறக்கம் தருகிறது. நீண்ட மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழியானால் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். டிரம் பிரேக்கைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது இந்தப் பொழுதுபோக்கின் வெட்கக்கேடு. 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. அதைப் பழைய கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும்.

தேவை பெற்ற மாற்றங்கள்

எல்லா மாற்றமும் பகட்டிலிருந்து வருவதில்லை. இதற்குத் தமிழர் வாழ்விலேயே வலுவான சான்று யாழ்ப்பாணம். 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இன்ஜினில் பற்றாது. எனவே சில துளி பெட்ரோலை கார்புரேட்டருக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கரி படிந்தது, புகை கக்கியது, இன்ஜினின் ஆயுள் குறைந்தது. ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருந்தது. எரிபொருள் எப்படி ஆவியாகிறது, எப்படிப் பற்றுகிறது என்று சாதாரண மனிதர்கள் அறிந்திருந்ததால் ஒரு சமூகம் நடமாட முடிந்தது.

அமைதிக்காலத்திலும் தேவை உண்டு. பழைய புல்லட், ஜாவாவின் 6 வோல்ட் மின்சுற்றை 12 வோல்ட்டாக்குவதும், பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும் இரவுப் பயணத்தைப் பாதுகாப்பாக்குகின்றன. லடாக் போகும் நம் ஊர் ஓட்டிகள் கிளட்ச் கேபிளின் பக்கத்திலேயே இன்னொரு புதுக் கேபிளை ஓட்டிக் கட்டிவைக்கிறார்கள். அறுந்தால் இரு முனைகளை மாற்றினால் போதும். 5,300 மீட்டரைத் தாண்டிய கார்துங் லா போன்ற கணவாய்களில் காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் விகிதம் மிகுந்து, இன்ஜின் திணறும். பெட்ரோல் வரும் ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் மூச்சு வரும். இந்த மாற்றங்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று: குறை எது என்று தெரிந்த பிறகு, அந்தக் குறைக்கு மட்டும் செய்யப்பட்டவை.

ஓசைக்கும் தோற்றத்துக்கும்

தோற்றத்துக்காக மாற்றுவதற்கும் நீண்ட மரபு உண்டு. 1950-60-களில் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், நார்ட்டன் சட்டகத்தில் டிரையம்ஃப் இன்ஜினைப் பூட்டி ‘டிரைட்டன்’ செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கஃபே ரேசர் பாணியைத்தான் இன்று நம் ஊர்ப் பட்டறைகள் பழைய சி.டி. 100 சட்டகத்திலும் செய்து பார்க்கின்றன. நல்ல கைவேலையைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் டிரைட்டன் செய்தவர்கள் அன்று கிடைத்தவற்றில் சிறந்த சட்டகத்தையும் சிறந்த இன்ஜினையும் சேர்த்தார்கள். நாம் பெரும்பாலும் இருப்பதிலிருந்து எதையாவது கழற்றுகிறோம்.

சைலன்சரையே எடுத்துக்கொள்வோம். உள்தடுப்பை அறுத்துவிட்டு, காற்று ஃபில்டரையும் திறந்த வகையாக மாற்றினால் இன்ஜினுக்குள் காற்று கூடுதலாகப் போகும். கார்புரேட்டர் ஜெட் பழையபடியே இருந்தால் பெட்ரோல் விகிதம் குறைந்து எரிப்பின் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் இது பிஸ்டனைப் பிடிக்கவைக்கும். பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்று பழைய மெக்கானிக்குகள் படித்துச் சொல்வது இதைத்தான். காற்று, எரிபொருள், புகைவழி மூன்றும் ஒரே கணக்கு. ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு உதைக்கும். இப்போதைய வண்டிகளில் சைலன்சரோடு கேடலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அப்படியே தெருவில் கலக்கின்றன.

மற்றவையும் இப்படியே. அகல டயரைப் பழைய ரிம்மில் திணித்தால் டயரின் வளைவு மாறி, திருப்பத்தில் வண்டி எதிர்பாராதபடி சாயும். ஹேண்டில்பாரைக் குட்டையாக்கினால் நெம்புதிறன் குறைந்து, நெரிசலில் திருப்புவது கடினமாகும். 35 வாட் பல்பு இருந்த இடத்தில் ரிலே இல்லாமல் 60 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகும். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை எல்.இ.டி. எதிரே வருபவரைக் குருடாக்கும். பின்சக்கரத்துச் சேலைக் காப்பையும் கண்ணாடிகளையும் அழகுக்காகக் கழற்றுவது மிக மோசமானது. பின்னால் உட்காரும் பெண்ணின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கவே மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்தக் காப்பைக் கட்டாயமாக்கியுள்ளன.

சட்டம் நிற்கும் இடம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. ஓசை, காற்று மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பல நகரங்களில் போலீஸார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலரால் நசுக்குகிறார்கள்.

ஓசை விஷயத்தில் சட்டத்தின் கடுமை நியாயமானது. இரவில் குழந்தையையும் முதியவரையும் உலுக்கி எழுப்பும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் நன்மை செய்யும் மாற்றத்துக்கான வழி குறுகியது. பழைய வண்டிக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் பூட்ட விரும்பும் ஒருவர், அதைச் சோதித்துச் சான்று பெற எளிய, மலிவான, ஊரிலேயே உள்ள ஏற்பாட்டைக் காண்பதில்லை. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு ‘விண்டேஜ்’ பதிவைக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். அதுவும் மூல வடிவம் கெடாமல் காக்கப்பட்ட வண்டிக்கே. அன்றாடப் பயணத்துக்கு அதை ஓட்ட முடியாது. முப்பது, நாற்பது வயது வண்டியை அக்கறையோடு ஓட்டுபவருக்கு அதனால் பயனில்லை.

மூடப்படும் இயந்திரம்

2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ்.-6 மாசுத் தரநிலை நடைமுறைக்கு வந்தபோது, கார்புரேட்டர் ஏறக்குறைய முழுதாக விடைபெற்றது. ஃபியூயல் இன்ஜெக்ஷன், ஆக்சிஜன் சென்சார், இவற்றை ஆளும் சிறு கணினி ஆகியவை வந்தன. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அதற்கு முன்பே கட்டாயமாகிவிட்டது. காற்றுக்கும் உயிருக்கும் இவை நல்லவை. திரும்பிப் போக வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணத்தைக் காட்டும் கருவி, மின்சுற்று வரைபடம், சர்வீஸ் கையேடு ஆகியவை பெரும்பாலும் கம்பெனி வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாங்கியவர் கைக்குக் கிடைப்பது சுருக்கமான உரிமையாளர் கையேடு மட்டும். தெருமுனை மெக்கானிக்கும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்.

பழைய வண்டிகளுக்கு எத்தனால் கலந்த பெட்ரோலும் புதுச் சோதனை. 20 சதவீதம் வரை கலந்த பெட்ரோல் இப்போது பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் வாஷர்களையும் குழாய்களையும் இறுகி வெடிக்கச் செய்யும். வாரக்கணக்கில் நிறுத்திவைத்த டேங்கில் நீர் பிரிந்து துரு ஏறும். பழைய வண்டி வைத்திருப்பவர் டேங்கை நிரப்பி மூடிவைப்பதும், ரப்பர் பாகங்களைப் புதிய தரத்துக்கு மாற்றுவதும், நீண்ட நாள் ஓட்டாதபோது கார்புரேட்டரை வடித்துவைப்பதும் இப்போது அவசியப் பராமரிப்பு.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைமுறையை உருவாக்கக் குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளில் வாகனமும் ஒன்று. இதற்கென இணையதளமும் வந்தது. சட்டமாக வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

பராமரிப்பு அறிவு பொதுச்சொத்து. தன் வண்டியின் பிரேக்கைத் தானே பார்க்கத் தெரிந்தவர் தேய்ந்த பேடோடு சாலைக்கு வரமாட்டார். அவர் மெக்கானிக்கை ஏமாற்றுக்காரராகப் பார்க்காமல் வேலைத்திறனை மதித்துப் பேசுவார். மெக்கானிக்கும் அவரிடம் தேவையற்ற பாகத்தை விற்கமாட்டார். இந்த அறிவைக் காக்க மூன்று தரப்பிடம் கோரிக்கை வைக்கலாம். வண்டி நிறுவனங்கள் முழு சர்வீஸ் கையேட்டைத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் நியாயவிலைக்குத் தர வேண்டும். கோளாறு காட்டும் கருவியையும் எல்லோருக்கும் விற்க வேண்டும். ஐ.டி.ஐ.க்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி உரிமையாளர்களுக்குக் குறுகிய பயிற்சி நடத்தலாம். இடமும் கருவியும் ஆசிரியரும் அங்கே ஏற்கெனவே உண்டு. பிரேக், விளக்கு, மின்சுற்று போன்ற பாதுகாப்பு மாற்றங்களைச் சோதித்துப் பதிவுச் சான்றில் குறித்துக்கொடுக்கும் எளிய முறையைப் போக்குவரத்துத் துறை வகுக்க வேண்டும்.

வண்டி ஆர்வலர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எதையும் மாற்றுமுன், அந்த மாற்றம் பிரேக்குக்கும் சட்டகத்துக்கும் புகைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் என்ன செய்யும் என்று உங்களால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த மாற்றம் வேண்டாம். முதலில் ஓராண்டு உங்கள் வண்டியை அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே முழுதாகப் பராமரியுங்கள். ஆயில், செயின், டேப்பெட், பிரேக், டயர் காற்று எல்லாம் கையேட்டில் உள்ள அளவில் இருக்கட்டும். உங்கள் வண்டிக்கு உண்மையில் எது குறை என்பது அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். பிறகு கைவையுங்கள்.